காரோடு வந்த ஸ்டீரியோவில் சாட்டிலைட் ரேடியோ: எந்த வழியில் இணைப்பது?

பெட்டியைப் பிரித்தாயிற்று. உள்ளங்கை அளவு ரிசீவர் ஒன்று, அதை உட்காரவைக்கும் டாக், அடியில் காந்தம் வைத்த குட்டி ஆன்டெனா, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பவர் அடாப்டர், இரண்டு முனையிலும் ஹெட்போன் பின் உள்ள ஓர் ஒயர். எந்தக் காரிலும் வேலை செய்யும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொய்யில்லை. எந்தக் காரில் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ரிசீவருக்குள் இருக்கும் பாட்டைக் காரின் ஸ்பீக்கர் வரை கொண்டுபோக ஏழு வழி இருக்கிறது. தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அவரவர் காருக்கு எது ஒத்துவந்ததோ அதை.

சாட்டிலைட் ரேடியோ என்பது செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும், சந்தா கட்டிக் கேட்கும் வானொலி. அமெரிக்காவிலும் கனடாவிலும் அது என்றால் இன்று சிரியஸ்-எக்ஸ்.எம். ஒன்றுதான். எக்ஸ்.எம். 2001-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது, சிரியஸ் 2002-இல் வந்தது, 2008-இல் இரண்டும் இணைந்தன. இப்போது ஷோரூமிலிருந்து வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. அப்படி இல்லாத வண்டியை வைத்திருப்பவர்களுக்கும், கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றி எறிய மனசில்லாதவர்களுக்கும்தான் இந்த ஒப்பீடு.

இதுவரை மூன்று வண்டிகளில் நான்கு வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன். அதில் கற்றது: ரிசீவர் எந்த மாடல் என்பதைவிட உங்கள் கார் எப்படி என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. ஸ்டீரியோவில் என்னென்ன ஜாக் இருக்கிறது, எஃப்.எம். ஆன்டெனா வண்டியின் எந்த மூலையில் இருக்கிறது, நீங்கள் அதிகம் ஓட்டுவது ஊருக்குள்ளா ஹைவேயிலா. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

சத்தம். முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்வோம். சாட்டிலைட் ரேடியோவின் ஒலியே நன்றாகச் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. சி.டி. தரத்தை எதிர்பார்த்தால் எந்த இணைப்பும் அதைத் தராது. இணைப்பின் வேலை, இருப்பதைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பின்னணியில் வரும் "உஸ்ஸ்" என்ற இரைச்சலும், வேறு ஸ்டேஷன் நடுவில் புகுவதும்தான் தினமும் எரிச்சல் தருபவை.

டேஷ்போர்டைக் கழற்ற வேண்டுமா. கழற்றினால் திரும்ப மாட்டத் தெரிய வேண்டும், அல்லது தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். லீஸ் வண்டி என்றால் திருப்பிக் கொடுக்கும் நாளையும் யோசிக்க வேண்டும்.

மொத்தச் செலவு. ரிசீவர் விலை மட்டும் கணக்கில்லை. அடாப்டர், பிளக் மாற்றி, இரைச்சல் வடிகட்டி, கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

அன்றாடப் புழக்கம். சேனல் மாற்ற எந்தப் பட்டனைத் தொட வேண்டும்? பாட்டின் பெயர் எங்கே தெரியும்? போன் வந்தால் என்ன ஆகும்? கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் ஒரு வாரத்திலேயே உறுத்த ஆரம்பிப்பது இதுதான்.

வண்டி எத்தனை வருஷம் உங்களிடம் இருக்கும். அடுத்த வருஷம் விற்கப்போகிற வண்டிக்கு, அதற்கென்றே செய்த பெட்டியை வாங்கிப் பொருத்துவது வீண்.

## ஆக்ஸ் ஒயர்

3.5 மி.மீ. ஆக்ஸ் ஜாக், அதாவது வெளிக்கருவியின் ஒலியை ஸ்டீரியோவுக்குள் விட ஹெட்போன் பின் நுழையும் துளை, இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். "என் காரில் இல்லை" என்று சொன்ன இரண்டு பேரின் வண்டியில் நானே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்று கைவைக்கும் பெட்டிக்குள், இன்னொன்று கிளவ் பாக்ஸின் உள்பக்கச் சுவரில். இருந்தால், மேற்கொண்டு படிப்பதுகூட உங்கள் விருப்பம். டாக்கின் ஆடியோ அவுட்டில் ஒரு முனை, காரின் ஜாக்கில் ஒரு முனை, ஸ்டீரியோவில் ஆக்ஸ் பட்டன். வேலை முடிந்தது.

இதிலும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. ரிசீவருக்கான மின்சாரம் காரின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து வருகிறது, ஒலி ஆக்ஸ் வழியாக அதே காருக்குள் போகிறது. இரண்டு பாதையிலும் கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இருப்பதால் ஒரு வளையம் உண்டாகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே "ஙீஈஈ" என்று ஏறும் ஒரு சத்தம் கேட்கலாம். ரிசீவர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன உருளை கிடைக்கிறது. ஆக்ஸ் ஒயரின் நடுவே மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒயரையும் பார்த்து வாங்குங்கள். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள சாதாரண ஸ்டீரியோ ஒயர் போதும். மைக்கோடு வரும் போன் ஹெட்செட் ஒயரில் மூன்று வளையம் இருக்கும். அதைச் செருகினால் சில ஸ்டீரியோக்களில் பாடகர் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

இன்னொன்று, ஒலியளவு. ஆக்ஸில் வரும் ஒலி எஃப்.எம்.மைவிடத் தணிந்திருந்தால் ஸ்டீரியோவை 30 வரை ஏற்றிவைப்பீர்கள். அப்புறம் ஏதோ ஞாபகத்தில் எஃப்.எம். பட்டனைத் தொட்டால் பின்சீட்டில் தூங்கும் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். ரிசீவரின் மெனுவில் ஆடியோ அளவைக் கூட்டும் வசதி இருக்கிறது. எஃப்.எம்.மோடு ஒப்பிட்டுச் சமமாகும் வரை அதை ஏற்றுங்கள், ஸ்டீரியோவை ஏற்றாதீர்கள்.

யு.எஸ்.பி. துளையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கார் ஸ்டீரியோவின் யு.எஸ்.பி. பென் டிரைவையும் போனையும் புரிந்துகொள்ளும். சாட்டிலைட் ரிசீவரின் பாட்டு அந்த வழியே போகாது.

## ப்ளூடூத்

ரோடி பி.டி. போன்ற ரிசீவர்களில் ப்ளூடூத் இருக்கிறது. ஒயரே வேண்டாம் என்பது கேட்க இனிமை. ஆனால் உங்கள் காரின் ப்ளூடூத் எதற்கானது என்று பாருங்கள். 2000-களின் பிற்பகுதியில் வந்த பல கார்களில் ப்ளூடூத் போன் பேசுவதற்கு மட்டும்தான். பாட்டை ஏற்றுக்கொள்ளாது. ஸ்டீரியோவின் சோர்ஸ் பட்டனைத் தட்டிக்கொண்டே போகும்போது "ப்ளூடூத் ஆடியோ" என்று ஒன்று வருகிறதா? வராவிட்டால் இந்த வழி அடைபட்டது.

வந்தாலும், உங்கள் போனும் அதே இடத்துக்குப் போட்டி போடும். அழைப்புக்குப் போன், பாட்டுக்கு ரிசீவர் என்று பிரித்துக் கொடுக்கச் சில கார்கள் விடும். சில கார்களில் ஒன்று உள்ளே வந்தால் மற்றது வெளியே போய்விடும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் எது ஜெயித்தது என்று பார்க்க வேண்டியிருக்கும். வழிகாட்டி ஆப்பைப் போனில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆக்ஸும் ப்ளூடூத்தும் இரண்டுமே இருந்தால் நான் ஆக்ஸைத்தான் எடுப்பேன்.

## ஒயரில்லா எஃப்.எம்.

ஆக்ஸ் இல்லாதவர்கள் முதலில் விழும் இடம் இது. ரிசீவர் ஒரு குட்டி எஃப்.எம். நிலையம்போல் ஒலிபரப்பும், ஸ்டீரியோவில் அதே அலைவரிசையை வைத்தால் பாட்டு வரும். கழற்ற வேண்டியது எதுவுமில்லை, கூடுதல் செலவு இல்லை, எந்த வண்டியிலும் வைக்கலாம். கேட்டால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

கோளாறு எங்கே என்றால், அந்தக் குட்டி நிலையம் உண்மையிலேயே குட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாத எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரின் அலைவலிமை 3 மீட்டர் தள்ளி அளந்தால் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி. 2006-இல் சாட்டிலைட் ரிசீவர்கள் சில இந்த வரம்பை மீறுவது தெரியவந்து, அந்த மாடல்கள் கடைக்குப் போவது நின்று, திருத்திய பிறகே திரும்ப வந்தன. அதற்கு முன்பு நடந்த கூத்து வேறு. 88-க்கும் 92-க்கும் நடுவில்தான் பொது வானொலி நிலையங்கள் இருக்கின்றன. பலர் ரிசீவரை வைத்ததும் அதே பகுதியில்தான். சிக்னலில் அமைதியாகச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பவரின் காருக்குள், பக்கத்து வண்டியின் ரிசீவரிலிருந்து, பச்சையான பேச்சுக்குப் பேர்போன வானொலிக்காரர் ஹவர்ட் ஸ்டெர்ன் புகுந்து பேசுவார். அவர் சிரியஸுக்கு வந்ததும் அதே 2006 ஜனவரியில்தான்.

விதிக்கு அடங்கிய பிறகு வந்த ரிசீவர்களில் பவர்கனெக்ட் என்ற உத்தி இருக்கிறது. பவர் அடாப்டரின் ஒயர் வழியாகவே எஃப்.எம். அலையைக் காரின் ஒயரிங்குக்குள் விடுவது. சில கார்களில் இது அருமையாக வேலை செய்கிறது, சிலவற்றில் தேறவே தேறாது. வித்தியாசம் பெரும்பாலும் ஆன்டெனா இருக்கும் இடத்தில். முன்பக்க மட்கார்டில் கம்பி ஆன்டெனா நிற்கிறதா? டேஷ்போர்டுக்கு அருகில், நல்லது. பின்கண்ணாடியில் கோடுகோடாகப் பதித்ததா, கூரையின் பின்கோடியில் சுறாத் துடுப்புபோல் நிற்கிறதா? அலை வண்டியின் நீளம் முழுவதும் போய்ச் சேர வேண்டும், வெளியிலிருந்து வரும் பெரிய நிலையங்கள் அதை எளிதாக மூழ்கடிக்கும்.

அடுத்தது காலி அலைவரிசை. வட அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான் இருக்கும். பெரிய நகரத்தில் அவற்றில் காலியானது கிடைப்பதே அரிது. காலியாகத் தெரிவதும் முழுக்கக் காலியில்லை. ஹெச்.டி. ரேடியோவும் ஒலிபரப்பும் நிலையங்கள் தங்கள் இருபுறமும் டிஜிட்டல் அலையைப் பரப்புகின்றன. பக்கத்து எண்ணில் அது வெறும் இரைச்சலாகக் கேட்கும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஓர் இடம் காலியாக இருந்தால்தான் நிம்மதி.

நான் என் பழைய செடானில் இதைத்தான் வைத்திருந்தேன். ஆன்டெனா பின்கண்ணாடியில். நியூ ஜெர்சியில் என் தெருவில் சுத்தமாக இருந்த அலைவரிசை, 80-ஆம் எண் ஹைவேயில் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் ஆனதும் கரகரக்க ஆரம்பித்தது. முதலில் வயலின் பின்னால் மெல்லிய குரல் ஒன்று. அடுத்த மேடு ஏறியதும் அந்தக் குரல் முன்னால் வந்து பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஸ்டீரியோவில் வேறு எண் தேடி, ரிசீவரின் மெனுவுக்குள் போய் அங்கேயும் அதே எண்ணை மாற்றி, இதையெல்லாம் 65 மைல் வேகத்தில் செய்யக் கூடாது என்பதால் ஓரம் கட்டி, அந்த மாநிலத்தைக் கடப்பதற்குள் நான்கு முறை. நீண்ட பயணத்துக்காகவே சாட்டிலைட் ரேடியோ வாங்குகிறோம், நீண்ட பயணத்தில்தான் இந்த இணைப்பு காலை வாருகிறது.

அப்படியானால் இது யாருக்கு? ஒரே ஊருக்குள் ஓட்டுகிறவர், அதுவும் எஃப்.எம். நிலையங்கள் குறைந்த சிற்றூர். வாடகைக் காரில் எடுத்துப்போகிறவர். இரண்டு மூன்று வண்டிக்கு ஒரே ரிசீவரை மாற்றி மாற்றி வைப்பவர். அவர்களுக்கு இதைவிட வசதி இல்லை.

## எஃப்.எம். டைரக்ட் அடாப்டர்

பெயரைக் கேட்டு முந்தையதோடு குழப்பிக்கொள்கிறார்கள். எஃப்.எம்.தான், ஆனால் காற்றில் போகாது. காரின் ஆன்டெனா ஒயர் ஸ்டீரியோவின் முதுகில் நுழையும் இடத்தில், நடுவே ஒரு தீப்பெட்டி அளவு பெட்டியைச் செருகுவோம். ரிசீவரை ஆன் செய்தால் அந்தப் பெட்டி வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டு ரிசீவரின் ஒலியை மட்டும் ஸ்டீரியோவுக்குள் விடும். ஆஃப் செய்தால் ஆன்டெனா பழையபடி இணைந்துகொள்ளும். வெளி நிலையங்களின் தொல்லை இல்லாததால் ஒரே அலைவரிசையை வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆக்ஸ் அளவுக்கு வராது, எஃப்.எம்.மின் இயல்பான மெல்லிய இரைச்சல் கொஞ்சம் இருக்கும். ஓடும் காரின் டயர் சத்தத்தில் அது காதுக்கு எட்டாது.

ஆக்ஸ் இல்லாத வண்டிக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். அந்தப் பென்சில்வேனியா பயணம் முடிந்த வாரமே இதைப் போட்டேன். கியர் பக்கத்து பிளாஸ்டிக்கை நெம்பி எடுத்து, ஸ்டீரியோவின் நான்கு போல்ட்டைக் கழற்றி, அதை மெல்ல முன்னால் இழுத்தால் பின்னால் கறுப்பு ஒயர் ஒன்றின் நுனியில் விரல் தடிமன் உலோகப் பிளக் தெரியும். அதைப் பிடுங்கி அடாப்டரில் செருகி, அடாப்டரின் வாலை ஸ்டீரியோவில் செருகினேன். வேலை பத்து நிமிடம். பிளாஸ்டிக்கை உடைக்காமல் எடுக்கத்தான் முக்கால் மணி நேரம்.

கவனிக்க வேண்டியவை: ஐரோப்பிய வண்டிகளிலும் பல புதிய அமெரிக்க வண்டிகளிலும் ஆன்டெனா பிளக் வேறு, சதுர பிளாஸ்டிக் உறை போட்ட ஃபக்ரா வகை. அதற்கு மாற்றுப் பிளக் ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர என்று இரண்டு தேவை. இரண்டு ஆன்டெனா ஒயர் வரும் வண்டிகளும் உண்டு. எது முதன்மை என்று பார்த்துச் செருக வேண்டும். அப்புறம், ரிசீவர் ஆனில் இருக்கும்வரை உள்ளூர் எஃப்.எம்.மும் ஏ.எம்.மும் கிடைக்காது. டிராஃபிக் செய்தி கேட்க வேண்டுமென்றால் ரிசீவரை அணைக்க வேண்டும்.

## கேசட் அடாப்டர்

கேசட் பிளேயர் உள்ள வண்டி என்றால் ஒயர் தொங்கும் அந்தப் போலி கேசட் நினைவிருக்கும். ஒயரில்லா எஃப்.எம்.மைவிடப் பெரும்பாலும் தெளிவாகவே பாடும், விலையும் சொற்பம். உள்ளே இருக்கும் பல்சக்கரம் சுற்றும் "கிர்ர்" சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தானாகப் பக்கம் திருப்பும் பிளேயர்கள் சில, டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து அங்குமிங்கும் திருப்பி, கடைசியில் வெளியே துப்பிவிடும். பத்து டாலருக்கு முயன்று பார்க்கலாம், ஒத்துவந்தால் அதிர்ஷ்டம்.

## வண்டிக்கென்றே செய்த இணைப்புப் பெட்டி

ஸ்டீரியோவில் "சாட்" என்று ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் வராது. அல்லது சி.டி. சேஞ்சர் (பல சி.டி.களை அடுக்கி மாற்றிப் போடும் பெட்டி) மாட்ட முதுகில் ஓர் இடம் காலியாக இருக்கும். இந்த இடத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழைவதுதான் இந்தப் பெட்டியின் வேலை. ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் ஸ்டீரியோவும் சேஞ்சரும் பேசிக்கொள்ளத் தனி மொழி வைத்திருந்தது. டொயோட்டாவில் அதற்கு ஏ.வி.சி.-லேன் என்று பெயர். பெட்டி அந்த மொழியில் "நான்தான் சேஞ்சர்" என்று ஸ்டீரியோவிடம் பொய் சொல்லிவிட்டு, மறுபக்கம் எஸ்.எக்ஸ்.வி.300 போன்ற டியூனரோடு, அதாவது டேஷ்போர்டுக்குள் மறைத்துவைக்கும் சாட்டிலைட் ரிசீவரோடு, பேசும்.

பலன் பெரியது. டேஷ்போர்டின் மேல் ஒட்டும் பெட்டியும் தொங்கும் ஒயரும் இல்லை. சேனல் மாற்ற ஸ்டியரிங் பட்டன், பல வண்டிகளில் பாட்டின் பெயர்கூட ஸ்டீரியோ திரையிலேயே வரும். ஒலி நேரடியாக உள்ளே போவதால் ஆக்ஸுக்குச் சமம். கம்பெனியே பொருத்திக் கொடுத்ததுபோல் இருக்கும்.

அதற்கான விலை பல இடத்தில் ஒளிந்திருக்கிறது. பெட்டி ஒன்று, டியூனர் ஒன்று என்று இரண்டு வாங்க வேண்டும். எஸ்.எக்ஸ்.வி.300 டியூனர் மட்டும் சுமார் 70 டாலர். மாடல், வருஷம், நேவிகேஷன் உண்டா இல்லையா என்பது வரை பொருந்த வேண்டும், ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் வேலை செய்யாது. பழைய வண்டிகளுக்கான பெட்டிகளில் பல இப்போது தயாரிப்பில் இல்லை, யாரோ கழற்றி விற்பதுதான் கிடைக்கும். ஏற்கெனவே சேஞ்சர் இருந்தால் அதை இழக்க வேண்டிவரலாம். டேஷ்போர்டைக் கழற்றும்முன் பேட்டரியைத் துண்டிப்பது நல்ல பழக்கம். ஆனால் பல ஹோண்டா, அக்யூரா வண்டிகளில் அப்படித் துண்டித்தால் ஸ்டீரியோ திருட்டுத் தடுப்பு ரகசிய எண்ணைக் கேட்டுக்கொண்டு ஊமையாகிவிடும். அந்த எண் எழுதிய அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள்.

வண்டி மனசுக்குப் பிடித்தது, இன்னும் ஐந்தாறு வருஷம் ஓட்டப்போகிறேன், உட்புறம் அச்சு மாறாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு இது தங்கம். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

## ஸ்டீரியோவையே மாற்றினால்?

தலைப்பிலிருந்து விலகுகிறேன்தான். ஆனால் மேலே சொன்ன பெட்டி, டியூனர், கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால், சிரியஸ்-எக்ஸ்.எம். ஏற்கும் சாதாரண ஸ்டீரியோ ஒன்றை வாங்கி அதே எஸ்.எக்ஸ்.வி.300-ஐ மாட்டும் செலவுக்கு அருகில் போய்விடும். பயனியர், கென்வுட், ஆல்பைன் எல்லாவற்றிலும் அப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. 2005 வாக்கில் வந்த எளிய டேஷ்போர்டுக்கு இது நியாயமான யோசனை, ப்ளூடூத்தும் சேர்ந்தே வரும். ஏ.சி. கட்டுப்பாடும் பின்பக்கக் கேமராவும் திரைக்குள்ளேயே இருக்கும் புது வண்டியில் கைவைக்க வேண்டாம். 2018 மே முதல் அமெரிக்காவில் புது வண்டிகளுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம். ஸ்டீரியோவை எடுத்தால் கேமராவின் படத்தைக் காட்ட வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒலி | வேலை | ஒளிந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஆக்ஸ் | மிக நன்று | இல்லை | இரைச்சல் வந்தால் ஐசொலேட்டர் | ஜாக் உள்ள எவருக்கும் |
| ப்ளூடூத் | நன்று | இல்லை | போனோடு மல்லுக்கட்டு | ஆக்ஸ் இல்லாத புதிய வண்டி |
| ஒயரில்லா எஃப்.எம். | ஊரைப் பொறுத்தது | இல்லை | பொறுமை | வாடகைக் கார், சிற்றூர் |
| எஃப்.எம். டைரக்ட் | நன்று | ஸ்டீரியோவை வெளியே இழுக்க வேண்டும் | மாற்றுப் பிளக், கூலி | ஆக்ஸ் இல்லாத பழைய வண்டி |
| கேசட் | சுமார் | இல்லை | பிளேயர் துப்பினால் பத்து டாலர் | கேசட் உள்ள வண்டி |
| இணைப்புப் பெட்டி | மிக நன்று | அதிகம் | டியூனர், கூலி, திருட்டுத் தடுப்பு எண் | நெடுநாள் வைத்திருப்பவர் |
| புது ஸ்டீரியோ | மிக நன்று | அதிகம் | டேஷ்போர்டில் பொருத்தும் சட்டகம், ஒயரிங், ஸ்டியரிங் பட்டன் அடாப்டர் | எளிய டேஷ்போர்டு |

## எதைத் தேர்ந்தாலும் ஆன்டெனா

இணைப்பைப் பற்றி இவ்வளவு யோசித்துவிட்டு, ஆன்டெனாவை டேஷ்போர்டின் மேல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டு விட்டுவிட்டு வந்தால் குற்றம் இணைப்பின் மேல் விழுகிறது. கரகரத்தால் இணைப்பில் கோளாறு. சத்தமே இல்லாமல் அப்படியே நின்று நின்று வந்தால் ஆன்டெனாவில் கோளாறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் நிறைய அலைச்சல் மிச்சம்.

ஆன்டெனாவுக்கு இடம் கூரை. அடியில் உலோகத் தகடு இருப்பது அதற்கு உதவி. கூரையின் விளிம்பிலிருந்து நாலு விரல், ஐந்து விரல் தள்ளி வையுங்கள். வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் சாட்டிலைட்டுகள் இங்கிருந்து பார்த்தால் தெற்கு வானத்தில் இருக்கின்றன. டேஷ்போர்டில் வைத்த ஆன்டெனா, வண்டி வடக்கே போகும்போது அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும், நடுவில் கூரை மறைக்கும். ஒயரைக் கதவின் ரப்பர் பட்டைக்கு அடியில் செருகிக் கொண்டுவாருங்கள். கதவு கீலுக்கு நடுவில் மாட்டினால் ஒரு குளிர்காலத்தில் அறுந்துவிடும். அலுமினியக் கூரை என்றால் காந்தம் பிடிக்காது, ஒட்டும் பட்டை வேண்டும்.

பவர் சாக்கெட்டையும் ஒரு முறை சோதியுங்கள். சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும் சாக்கெட்டுகள் உண்டு. விமான நிலையத்தில் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வந்தால் பேட்டரி இருக்காது.

## சந்தாவும் போன் ஆப்பும்

சந்தா ரிசீவருக்கு ஒன்று. இரண்டு வண்டியில் இரண்டு ரிசீவர் என்றால் இரண்டு சந்தா. ஒரே ரிசீவரை டாக்கிலிருந்து எடுத்து இரண்டு வண்டியிலும் வைத்தால் ஒன்று போதும், கூடுதலாக ஒரு டாக்கும் ஆன்டெனாவும் மட்டும் வாங்க வேண்டும். இப்படி மாற்றி வைப்பவர் வண்டிக்கென்றே செய்த பெட்டிப் பக்கம் போகவே கூடாது. அறிமுகச் சலுகை முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், அதற்குப் பிறகு விலை எகிறும். சந்தாவை நிறுத்த விடாமல் இழுத்தடிப்பதாக நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2023 டிசம்பரில் இந்த நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார். 2024 நவம்பரில் நீதிமன்றம் அந்த நடைமுறை கூட்டாட்சிச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது.

பெரும்பாலான சந்தாக்களில் போன் ஆப்பும் சேர்ந்தே வருகிறது. காரில் போன் ஆப்பைக் கார் திரையில் காட்டும் கார்பிளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ இருந்து, நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ரிசீவரே தேவைப்படாது. நெவாடாவில் 50-ஆம் எண் சாலையிலோ, சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே கனடா நெடுஞ்சாலையிலோ போன் கோபுரம் இல்லாத நீளத்தில் அந்த ஆப் மௌனமாகிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் போவதற்காக மட்டும் இவ்வளவு செலவு வேண்டுமா என்று யோசியுங்கள். வாரம் ஒரு முறை போகிறவர் யோசிக்க ஒன்றுமில்லை.

என் இப்போதைய வண்டியில் ஆக்ஸ் இருக்கிறது. ஒயர் ஒன்றரை அடி நீளம், நடுவில் ஐசொலேட்டர், டாக் கப் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். பழைய செடானை விற்றபோது எஃப்.எம். டைரக்ட் அடாப்டரைக் கழற்ற மறந்துவிட்டேன். வாங்கியவருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. ரிசீவர் இல்லாதபோது ஆன்டெனாவை நேராக விட்டுவிடும் என்பதால் தெரிய வாய்ப்புமில்லை.